நாகலூரும் காவலூரும்: தொலைநோக்கியின் இரண்டு வேலைகள்

ஏற்காட்டிலிருந்து நாகலூர்ப் பக்கம் போகும் வழியில் மார்கழியில் காலை ஒன்பது மணி ஆனாலும் பனி விலகாது. காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் பாதி உயரத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும். அப்படி ஒரு காலையில், அந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் பெஞ்சில் ஒரு பெண். தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி இல்லாமல் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்களுக்கு வெளிச்சத்தில் கண் கூசும், விழி நிலைகொள்ளாமல் ஆடும், விழித்திரையின் மையப் பகுதி முழுதாக வளர்ந்திருக்காது. கண்ணாடி போட்ட பிறகும் அவள் பார்வை 6/60. நல்ல கண் 60 மீட்டரிலிருந்து படித்துவிடும் எழுத்தைப் படிக்க அவள் 6 மீட்டருக்குள் வர வேண்டும்.

கணக்கு ஆசிரியர் பலகையில் எழுதத் தொடங்கியதும், கழுத்துக் கயிற்றில் தொங்கிய கருப்புக் குழல் ஒன்றை எடுத்து வலது கண்ணோடு ஒட்டி வைத்தாள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். விரலால் குழலின் முனையைக் கொஞ்சம் திருகினாள், பார்த்தாள், இறக்கினாள், நோட்டில் மூக்கு உரசக் குனிந்து எழுதினாள், மறுபடியும் தூக்கினாள். ஒரு வரிக்கு மூன்று தடவை. மற்றவர்கள் எழுதி முடித்த அரை நிமிடத்தில் அவளும் முடித்துவிட்டாள்.

இடைவேளையில் அதை வாங்கிப் பார்த்தேன். குழலின் மேல் 4 என்றும் 12 என்றும் இரண்டு எண்கள் பொறித்திருந்தன. முதலாவது, எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது, முகப்பு வில்லையின் அகலம் மில்லிமீட்டரில். உலகத்தில் எந்தத் தொலைநோக்கியை எடுத்தாலும் இந்த இரண்டு எண்களுக்குள் அதன் கதை அடங்கிவிடும். எவ்வளவு பெரிதாக்குகிறது, எவ்வளவு ஒளியைச் சேர்க்கிறது. நாகலூர்ப் பிள்ளைக்கு முதல் எண் வேண்டும். வானியலாளர்கள் வாழ்வது இரண்டாம் எண்ணில். இங்கிருந்து வடகிழக்கே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 110 கி.மீ. தள்ளி, ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் இரண்டாம் எண் 2,340. இருட்டில் மனிதக் கண்ணின் பாப்பா 7 மில்லிமீட்டர்வரை விரியும். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஆடி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் ஒளியைத் தனியாகச் சேர்க்கிறது.

தமிழ்நாட்டில் தொலைநோக்கியை வைத்து நடந்த ஆராய்ச்சிக்கு வயது 230 ஆண்டுக்கு மேல். அதை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்று பல நாளாக நினைத்ததுண்டு. வானத்துக்கான தொலைநோக்கியைத் தனியாகவும் கண்ணுக்கான தொலைநோக்கியைத் தனியாகவும் எழுதுவதே வழக்கமாக இருக்கிறது. ஒன்று அறிவியல் பக்கத்தில் வரும், மற்றது மருத்துவப் பக்கத்தில் வரும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் இங்கே சேர்த்தே எழுதுகிறேன்.

தொலைநோக்கி பிறந்ததே மூக்குக்கண்ணாடிக் கடையில்தான். 1608 அக்டோபரில் நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரக் கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஷே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டே கலிலியோ அதைத் தானே செய்து, 1610 ஜனவரியில் வியாழனின் நிலாக்களைப் பார்த்துவிட்டார். கலிலியோவின் குழலில் முன்னால் குவிவில்லை, கண்ணருகே குழிவில்லை. பிம்பம் நேராகத் தெரியும், ஆனால் பார்க்கும் பரப்பு குறுகல். 1611-ல் கெப்ளர் இரண்டு பக்கமும் குவிவில்லை வைக்கும் வழியைச் சொன்னார். பரப்பு விரிந்தது, பிம்பம் தலைகீழானது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பவர் உள்ள வாசிப்புக் கண்ணாடியின் வில்லைக்குக் குவியத்தூரம் 50 செ.மீ. 10 செ.மீ. குவியத்தூரமுள்ள பூதக்கண்ணாடி ஒன்றை அதிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால், எதிர்வீட்டுத் தென்னை ஐந்து மடங்கு பெரிதாக, தலைகீழாக வந்து நிற்கும். அந்தப் பெண்ணின் குழல் கெப்ளர் வகை. தலைகீழைத் திருப்பி நிமிர்த்த உள்ளே ஒரு பட்டகம் இருக்கிறது.

இதே கெப்ளர்தான் 1604-ல், கண்ணுக்குள் விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று விளக்கியவர். சூரியப் புள்ளிகளை முதலில் கண்டவர்களில் ஒருவரான கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற சேசு சபைத் துறவி 1619-ல் கண்ணின் ஒளியியல் பற்றித் தனி நூலே எழுதினார். வானத்தைப் பார்த்தவர்களும் கண்ணை ஆராய்ந்தவர்களும் அப்போது ஒரே ஆட்கள்.

நம் ஊருக்குத் தொலைநோக்கி வந்தது வணிகத்தோடும் நில அளவையோடும். 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாக ஒரு வானோக்கு நிலையம் வைத்திருந்தார். பிறகு கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவி ஆடாமல் நிற்பதற்காக நட்ட கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. கப்பல்களுக்கும் வரைபடத்துக்கும் தீர்க்கரேகை வேண்டும், அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு விண்மீன் வேண்டும். 1802-ல் பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய நில அளவைக்கும் தொலைநோக்கிதான் உயிர். அரை டன் எடையுள்ள தியோடலைட்டின் தலையில் இருந்தது அது. மலை உச்சிக்கு மலை உச்சி கோணம் எடுத்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நொறுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து வளைந்த வட்டத்தைத் தானே நிமிர்த்தினார்.

நுங்கம்பாக்கம் தந்தது குறைவில்லை. டி.ஜி. டெய்லர் 11,000-க்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிட்டார். 1861-ல் வந்து சேர்ந்த நார்மன் போக்சன், வந்த சில மாதங்களிலேயே ஒரு குறுங்கோளைக் கண்டு அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் குறுங்கோள் அது. விண்மீன் ஒளியளவில் ஐந்து படி என்பது நூறு மடங்கு என்ற கணக்கை உலகத்துக்குத் தந்தவரும் இவர்தான்.

நான் அதிகம் நினைப்பது போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியைப் பற்றி. பஞ்சாங்கம் கணிக்கும் மரபிலிருந்து வந்தவர். சிறு வயதிலேயே நிலையத்தில் சேர்ந்து, 1880-ல் காலமாகும்வரை அங்கேயே இருந்தார். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868-ன் முழுச் சூரிய கிரகணத்தைத் தெலுங்கு நாட்டு வனபர்த்தியிலும், 1871-ன் கிரகணத்தை அவிநாசியிலும் நின்று பார்த்தார். லண்டன் ராயல் வானியல் கழகத்தில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர். இவையெல்லாம் ஆங்கில ஏடுகளில் இருக்கின்றன. நமக்கு முக்கியம் வேறொன்று. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்றைக்கும் நம் வீடுகளில் ஓடுகிறதே, அதில் அவர் கண்ணால் கண்டு கணிப்பைத் திருத்த வேண்டும் என்ற பக்கம் நின்றார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, நடக்கப்போவது என்ன என்று இந்திய மொழிகளில் சிறுநூல் வெளிவரச் செய்தார். தொலைநோக்கியில் தெரிந்ததைத் தன் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஆராய்ச்சியில் சேர்த்தி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த கட்டத்தைப் பஞ்சம் தொடங்கிவைத்தது. 1876-ல் மழை பொய்த்து வந்த தாது வருஷப் பஞ்சத்தைச் சேலத்துக் கிழவர்கள் சமீபகாலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். சூரியப் புள்ளிகள் கூடுவதும் குறைவதும் பருவமழையோடு சேர்ந்து ஆடுமோ என்ற எண்ணம் அப்போது உலகெங்கும் இருந்தது. சூரியனை நாள் தவறாமல் பார்த்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்று நம்பினார்கள். வானியலாளர் மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் சுற்றி மேகக் கணக்கு எடுத்து, கோடைக்கானலைச் சொன்னார். 1899-ல் அங்கே சூரிய வானோக்கு நிலையம் தொடங்கியது.

தேடிய மழைக் கணக்கு கிடைக்கவில்லை. பருவமழை சூரியப் புள்ளிக்கு அவ்வளவு எளிதாகக் கட்டுப்படவில்லை. ஆனால் நாள் தவறாமல் பார்ப்பது என்ற ஒழுக்கம் நின்றுவிட்டது, அதுதான் கோடைக்கானலின் சொத்து. 1904 முதல் கால்சியத்தின் ஒற்றை நிறத்தில் சூரியனைப் படமெடுத்துவருகிறார்கள், 1912 முதல் ஹைட்ரஜன் நிறத்திலும். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, கோடுகள் லேசாக விலகியிருப்பதைக் கண்டார். புள்ளியைச் சுற்றிய மங்கல் வளையத்தில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று அதற்குப் பொருள். எவர்ஷெட் விளைவு என்ற அந்தப் பெயர் இல்லாத சூரியப் பாடப் புத்தகம் இன்று கிடையாது. நூறாண்டுக் கண்ணாடித் தகடுகளை இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். சூரியனின் காந்தச் சுழற்சி பல பதினோராண்டுகளில் எப்படி மாறியது என்று யார் ஆராய வேண்டுமானாலும் அங்கே வர வேண்டும். அத்தனை நாள் பனிக்குள் மலையேறி, மேகம் கவிவதற்குள் காலை வெயிலைப் பிடித்த உதவியாளர்கள் பலரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. அந்தத் தகடுகள் அவர்களுடையவை.

2023 செப்டம்பரில் ஏவிய ஆதித்யா-எல்1 விண்கலத்தில் சூரியனின் புறவளிமண்டலத்தைப் பார்க்கும் முதன்மைக் கருவியைச் செய்தது பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கோடைக்கானல் நிலையம் அதே நிறுவனத்தின் மூத்த கிளை. 2024 ஜனவரி 6-ல் அந்தக் கலம் தன் பாதைக்குள் நுழைந்தது. அந்தத் தேதிக்குக் காவலூரிலும் ஒரு கணக்கு உண்டு.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது உண்டு: இவ்வளவு உயரம் இருக்கிறதே, இங்கே ஏன் பெரிய தொலைநோக்கி வைக்கவில்லை? லேடீஸ் சீட்டில் ஒன்று இருக்கிறது, அது சமவெளியைப் பார்ப்பதற்கு. இரவில் அதே இடத்தில் நின்றால் பதில் கிடைக்கும். கீழே சேலம் மொத்தமும் ஒளிவெள்ளமாகக் கிடக்கிறது. அந்த வெளிச்சம் மேலெழுந்து பனியில் பட்டு வானத்தின் பாதியைச் சாம்பலாக்குகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், காவலூர் வெறும் 725 மீட்டர். ஆனாலும் 1960-களில் வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தார். காட்டுக்கு நடுவே, நகர வெளிச்சம் எட்டாத கிண்ணம் போன்ற இடம் அது. நிலநடுக்கோட்டுக்கு 12½ பாகை வடக்கே இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும்.

பாப்பு சென்னையில் 1927-ல் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானோக்கு நிலையத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் படிக்கும்போதே 1949-ல் ஒரு வால்விண்மீனைக் கண்டுபிடித்தார். விண்மீனின் கால்சியக் கோட்டு அகலத்திலிருந்தே அதன் உண்மையான ஒளியைச் சொல்லிவிடலாம் என்ற வில்சன்–பாப்பு விளைவு 1957-ல் வந்தது. அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். 1960-ல் கோடைக்கானலின் இயக்குநராக வந்தார். 1968-ல் காவலூரில் முதலில் நிறுவியது 38 செ.மீ. தொலைநோக்கி, அதைக் கோடைக்கானல் பட்டறையிலேயே செய்திருந்தார்கள். 1972-ல் ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து 102 செ.மீ. கருவி வந்தது.

அந்த 102 செ.மீ. கருவியின் முதல் ஐந்தாண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1972 ஜூன் 7 இரவு, வியாழனின் பெரிய நிலா கானிமீட் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வந்தது. விண்மீன் சட்டென்று மறையாமல் மெல்ல மங்கினால், நிலாவைச் சுற்றிக் காற்று உண்டு என்று பொருள். காவலூரிலும் ஜாவாவிலும் எடுத்த பதிவுகளிலிருந்து, மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 1979-ல் வாயேஜர் கலம் அருகே போய் அளந்தபோது, சொன்ன அளவில் காற்று இல்லை என்று தெரிந்தது. பிறகு 1990-களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே மிக மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது. இருப்பதாகச் சொன்னது சரி, அளவு தவறு.

1977 மார்ச் 10-ல் நடந்தது இன்னும் நெருக்கமானது. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகிறது. காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 102 செ.மீ. கருவியோடு காத்திருந்தார்கள். யுரேனஸ் வந்து சேர்வதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் குறைந்து மீண்டது. குறுக்கே ஏதோ ஒன்று போயிருக்கிறது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று கருதி எழுதினார்கள். அதே நேரம் விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியோடு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த ஜேம்ஸ் எலியட் குழு, கோளின் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் ஒளி குறைவதைக் கண்டு, அவை வளையங்கள் என்று சொன்னது. கண்டுபிடிப்பு அவர்கள் பெயரில் போயிற்று, அது நியாயம்தான். ஆனால் அந்த இரவு காவலூர்க் காட்டிலும் அதே வளையத்தின் நிழல் விழுந்தது, இரண்டு பேர் தூங்காமல் அதைப் பதிவு செய்தார்கள். தோல்வி என்று அதை எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பாப்புவின் கனவு 234 செ.மீ. தொலைநோக்கி. கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், நம் ஆட்கள். எந்திர உடலைச் செய்தது வால்சந்த்நகர் ஆலை. ஆடி தயாராகும் முன்பே, 1982 ஆகஸ்டில், உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தபோதே பாப்பு மியூனிக்கில் காலமானார். வயது 55. 1986 ஜனவரி 6-ல் ராஜீவ் காந்தி வந்து நிலையத்துக்கும் கருவிக்கும் அவர் பெயரைச் சூட்டினார். இரண்டு ஆண்டு கழித்து, 1988 பிப்ரவரியில், அதே வளாகத்தின் சிறிய ஷ்மிட் கருவியால் ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து கிடைத்த குறுங்கோள் அது. பெயர் ராமானுஜன்.

இன்று காவலூரைச் சுற்றியும் வெளிச்சம் கூடிவிட்டது. பெரிய கருவிகள் வடக்கே போய்விட்டன. லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டரில் நிற்கும் இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டையில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். அங்கே சுற்றியுள்ள இருட்டைக் காக்க 2022-ல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். ஜவ்வாது மலைக்கும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் அப்படி ஒன்று கேட்பது பேராசையாகத் தோன்றலாம். தெருவிளக்குக்கு மேல்மூடி போடச் சொல்வதில் பேராசை எதுவும் இல்லை.

உதகைக்குப் பக்கத்து முத்தொரையில் ஒளியைப் பார்க்காத தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் 1970-ல் முடித்த ரேடியோ தொலைநோக்கி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று, 11 பாகை. அதனால் கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது, ஒரே அச்சில் சுழற்றினால் போதும், பல மணி நேரம் வானத்தின் பின்னாலேயே போகும். கோடி செலவில் எந்திரம் செய்ய வேண்டிய வேலையை மலைச்சரிவு செய்கிறது. நிலா ரேடியோ மூலங்களை மறைக்கும் கணத்தை வைத்து அவற்றின் அளவை அளந்தார்கள். பேரண்டம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்ற முடிவுக்கு அது ஒரு சான்று.

இப்போது கண்ணுக்குத் திரும்புகிறேன். விண்மீன் மின்னுவது நம் தலைக்கு மேலுள்ள காற்று அலைவதால். அந்த அலைவை உடனுக்குடன் அளந்து, ஆடியை நொடிக்குப் பலமுறை வளைத்துச் சரிசெய்யலாம் என்று 1953-ல் ஹொரேஸ் பாப்காக் சொன்னார். தகவமைப்பு ஒளியியல் என்ற இந்த நுட்பம் பெரிய தொலைநோக்கிகளைக் கூர்மையாக்கியது. 1990-களில் அதைக் கண்மருத்துவ ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் காற்றுக்குப் பதில் கருவிழியும் கண்வில்லையும். அவற்றிலும் கோணல் உண்டு, உள்ளே பார்க்கும்போது விழித்திரை மங்கும். 1997-ல் ராச்செஸ்டரில் டேவிட் வில்லியம்ஸ் குழு, உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் ஒளி உணரும் கூம்பு செல்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தது. நட்சத்திரம் பார்க்கச் செய்த கருவி, நட்சத்திரம் பார்க்கும் செல்லையே பார்த்தது.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு தூரம் போயாகிவிட்டது. வகுப்பறைக்கு வந்தால் நிலைமை வேறு.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கண்ணாடி போட்ட பிறகும் இரண்டில் மேலான கண்ணின் பார்வை 6/18-ஐத் தாண்டாவிட்டால் குறைபார்வை என்கிறது. முழுக் குருடு இல்லை, முழுப் பார்வையும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குத் தொலைநோக்கிக் கண்ணாடியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் 1930-களில் வில்லியம் ஃபைன்புளூம். கணக்கு எளியது. 6/60 கண்ணுக்கு 4 மடங்குக் குழலைக் கொடுத்தால் 6/15 அளவுக்குத் தெரியும். கண்ணாடியின் மேல்விளிம்பில் பொருத்தி, வேண்டும்போது மட்டும் தலையைச் சாய்த்துப் பார்க்கும் வகையும் உண்டு, அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதை அணிந்து வண்டிகூட ஓட்டுகிறார்கள். 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கண்ணுக்குள்ளேயே பதிக்கும் பட்டாணி அளவுத் தொலைநோக்கிக்கு அனுமதி தந்தது. முதுமையில் விழித்திரை மையம் கெட்டவர்களுக்கு ஒரு கண்ணில் மட்டும் வைப்பார்கள், மற்றக் கண் சுற்றுப்புறம் பார்க்க. கருவிழியின் உட்புறச் செல்களைக் கெடுக்கும் அபாயமும் உண்டு, அதனால் எல்லாருக்கும் உகந்ததாக இல்லை.

பெரிதாக்குவதற்கு விலை உண்டு என்பதை மருத்துவர்கள் எல்லாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்ணின் குழலில் தெரியும் வட்டம் 12 பாகைக்குச் சற்று மேல்தான். உலகத்தைச் சாவித்துவாரத்தில் பார்ப்பது போல. கை கொஞ்சம் ஆடினால் பலகை நான்கு மடங்கு ஆடும், தலை சுற்றும். நடந்துகொண்டே பயன்படுத்த முடியாது. விழித்திரை ஓரத்திலிருந்து தேய்ந்து பார்வை குழாய் போல் சுருங்கும் நோய்க்கு இது உதவவே உதவாது. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் நம் வழக்கத்தால் அந்த நோய் இங்கே கூடுதல். மையப் பார்வை நன்றாக மிஞ்சியிருந்தால், அவர்களுக்குக் குழலைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லலாம். எல்லாம் சிறிதாகும், பரப்பு விரியும். ஒரே கருவி, பிடிக்கும் பக்கம் மாறினால் வேறு மருந்து.

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் ஆகிய மருத்துவமனைகளில் குறைபார்வைக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் இந்தப் பெண்ணின் அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர். மலையிறங்கினால் அன்றைய கூலி போயிற்று. நான்கு வருடம் சமவெளியில் ஒரு கண்ணாடிக் கடைக்கே போய்வந்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் பவர் ஏறியதே தவிர பலகை தெரியவில்லை. பிறகு ஒரு மருத்துவர், “பொறவியிலயே நரம்பு வீக்கும்மா, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று அனுப்பிவிட்டார். “அந்த வார்த்தையக் கேட்டுட்டு வந்து ரெண்டு வருசம் பள்ளிக்கூடத்துல பின்னால ஒக்காந்தே இருந்துச்சுங்க” என்றார் அம்மா. யாரோ சொல்லி ஒரு முகாமுக்குப் போனதில் இந்தக் குழல் கிடைத்தது. நரம்பைச் சரிசெய்ய முடியாது என்பது உண்மை. ஒன்றும் செய்ய முடியாது என்பது பொய். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் தெரியாமல் தமிழ்நாட்டில் எத்தனை பிள்ளைகள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆராய்ச்சி செய்ய வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எத்தனை மடங்கு பெரிதாக்கலாம் என்பது தீர்ந்துபோன கேள்வி. கொடுத்த குழலை ஒரு வருடம் கழித்தும் பிள்ளை பயன்படுத்துகிறதா, மூலையில் போட்டுவிட்டதா, ஏன் போட்டது, வகுப்பில் சிரித்தார்களா, ஆசிரியருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, கைப்பேசிக் கேமராவில் பலகையைப் பெரிதாக்கிப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு மட்டும் பள்ளி அனுமதிக்குமா: இவற்றுக்கு மலைக்கிராமத்துக்கு வந்துதான் பதில் தேட வேண்டும். கோடைக்கானலில் சூரியனைப் பார்த்தது போல, நாள் தவறாமல்.

அன்று மாலை பள்ளி விட்டதும் அவளிடம் கேட்டேன், பலகை தவிர இதில் வேறென்ன பார்த்தாய் என்று. சூரியனைப் பார்க்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம், தலையசைத்தாள்.

“முன்னாடியெல்லாம் சில்வர் ஓக்கு பச்சையா ஒரு தூணு மாதிரி இருக்கும். அதுல மிளகுக்கொடி ஏறியிருக்குன்னு இதுலதாங்க தெரிஞ்சுது.”

கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள். “அப்புறம் நெலா. சின்னதுல எல்லாப் புள்ளைங்களும் நெலாவுல பாட்டி வடை சுடுதும்பாங்க. எனக்கு வெள்ளையா ஒரு வட்டம்தான். சும்மா சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன். இது வந்த அன்னைக்கு ராத்திரி வாசல்ல நின்னு பாத்தேன்.”

“தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுங்க. கருப்பா, குனிஞ்சாப்ல. அம்மாவக் கூப்புட்டுக் காட்டினேன், அவங்களுக்கு எப்பவுமே தெரியுமாம்.”